ஜிமிக்கியின் செவுள்

“டாக்டர், இந்தத் தடவை இதுக்கு ஒரு வழி பண்ணாம நான் வீட்டுக்குப் போறதா இல்ல!”

மூடி போட்ட வாளியை மேஜைமேல் வைத்துவிட்டு ஏசி மெக்கானிக் மூச்சு வாங்கினார். கால்நடை டாக்டர் மூடியைத் திறந்தார். உள்ளே நாலு காலும் மீன் வாலுமாக ரோஸ் நிற ஆக்சலாட்டல் ஒன்று சோர்ந்து கிடந்தது. ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே வாழ்கிற பிராணி. தலையின் இருபுறமும் மும்மூன்று செவுள்கள் சிவப்புக் குஞ்சம்போல் தொங்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மெக்கானிக்கின் மகள் அதற்கு ஜிமிக்கி என்று பெயர் வைத்தாள். இப்போது குஞ்சமும் இல்லை, பெயர் வைத்தவளும் இல்லை.

மகள் போய் ஏழு மாதம். அவள் விட்டுப்போனதில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான், இதுவும் போய்விட்டால் தனக்கென்று எதுவும் இல்லை என்பது மெக்கானிக்கின் எண்ணம். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை அந்த எண்ணத்தில் எங்கே வைப்பது என்று மனிதர் யோசித்ததே இல்லை.

“போன தடவை சொன்னதெல்லாம் செஞ்சீங்களா சார்?”

“தலைகீழா நின்னு செஞ்சேன் டாக்டர்! ஃபில்டர் வேகம் ஜாஸ்தியானா செவுள் சுருங்கும்னீங்க, நிறுத்திட்டேன். அழுக்குத் தண்ணி ஆகாதுன்னீங்க, தனி டப்பாவுல விட்டு தினம் காலைல மொத்தத் தண்ணியையும் மாத்துறேன். உப்புத்தண்ணியில குளிப்பாட்டியும் பாத்தாச்சு. ரெண்டு மாசத்துல இப்படித் தேஞ்சு போச்சே!”

டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். பூஞ்சை என்றால் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரியும். அது இல்லை. புண்ணும் இல்லை. தண்ணீரைச் சோதித்தார், சுத்தமாக இருந்தது. அவர் நெற்றி சுருங்கியது.

மனைவிக்கு உடம்பு நடுங்கியது. டாக்டர் நிமிர்ந்தார். “அம்மாவுக்கு ஜுரமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஜிமிக்கிக்குத் தண்ணி பதினெட்டு டிகிரியத் தாண்டக்கூடாதே, எங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சு ராப்பகலா ஏசி ஓட்டுறேன். இவளுக்கு அது ஒத்துக்கல. தொண்டையும் கட்டிக்கிச்சு.”

“முகம்கூட வீங்கியிருக்கே?”

“அழுதா வீங்காதா டாக்டர்? எந்நேரமும் படுக்கைதான். என்னத்தச் சொல்ல! நீங்க இதப் பாருங்க.”

டாக்டர் இதைப் பார்த்தார். வால் துடுப்பு கரைந்திருந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. அவற்றின்மேல் இமைபோல் ஏதோ முளைத்திருந்தது. பிராணி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கியது.

“சார், செவுள்ல நோயே இல்ல. இதோட உடம்பே மாறிக்கிட்டிருக்கு. தண்ணிய விட்டுத் தரைக்கு வரப் பாக்குது. அதான் செவுள உதிர்க்குது.”

“சரி பண்ணிடலாம்ல?”

“பழையபடி வராது. ஈரமண்ணுல விட்டுப் பாக்கலாம். ஆனா, இப்படி மாறுனது ரொம்ப நாள் தாங்குறது கஷ்டம்.”

மெக்கானிக் இடிந்துபோய் உட்கார்ந்தார். வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் விசும்பினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் சால்வைக்குள்ளேயே இருந்தது.

“இது தானா மாறாது சார். உள்ள ஏதோ போயிருக்கு. அயோடின் மருந்து ஏதாவது கலந்தீங்களா?”

“கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கிறேன், நான் கலப்பேனா?” மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்டுல நாங்க ரெண்டே பேரு. வேற ஈ காக்கா கிடையாது.”

“தைராய்டு மாத்திரை உள்ள போனாலும் இப்படி மாறும். வீட்டுல யாராவது அதச் சாப்பிடுறீங்களா?”

“இவதான். கட்டி வந்து அந்தச் சுரப்பியவே எடுத்துட்டாங்க. அந்த மாத்திரைய நிறுத்துனா உடம்பு கொஞ்சம் கொஞ்சமா அடங்கி ஆளே போயிடும்னு சொல்லியிருக்காங்க. அதான் காலைல நானே இவ கையில குடுத்துட்டு, அப்புறம்தான் ஜிமிக்கி பக்கமே திரும்புவேன்.”

டாக்டர் வாளியை ஒதுக்கிவிட்டு மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

“எத்தனை நாளாம்மா நீங்க அதச் சாப்பிடல?”

“மூணு மாசமா,” என்றாள் அவள், கரகரத்த குரலில். “பொண்ணுகிட்டயே போயிடலாம்னு இவர் ஜிமிக்கியப் பாத்துட்டு அந்தப் பக்கம் போனதும் மாத்திரைய அது தண்ணியில போட்டுடுவேன். கரைஞ்சிடும்னுதான் நினைச்சேன், இது இரைன்னு நினைச்சு முழுங்கும்னு தெரியாது… எப்படியாவது இதப் பொழைக்க வெச்சிடுங்க டாக்டர், நான் போனப்புறம் இவருக்குத் துணை இது ஒண்ணுதான்.”