தணலில் கன்றின் சுரப்பி

ஞாயிறு மதியம், ரொசாரியோ நகரில் என் மைத்துனர் எவரிஸ்தோவின் வீட்டு முற்றத்தில், கம்பிமேல் கன்றின் கழுத்தடியில் இருக்கும் தைமஸ் சுரப்பி கொழுப்புச் சொட்டச் சிவக்கிறது. அதன் ஹார்மோன் உடலின் அழற்சியைத் தணிப்பதை ஆய்வகத்து எலிகளிடம் பார்த்திருக்கிறேன். அவருடைய தங்கை, என் மனைவி யமிலாவை ஏப்ரலில் கொன்றது அவள் உடலையே தாக்கிய அவளுடைய சொந்த எதிர்ப்புச் சக்திதான். இப்போது அதே நோயின் செந்தடிப்பு அவர் மகள் ஐலெனின் கன்னங்களில் இருக்கிறது. “உன் எலிக்கு ஊசி, எங்களுக்கு எலுமிச்சை,” என்று பிழிந்துகொண்டே எவரிஸ்தோ சிரிக்கிறார். சிரிப்பு நின்றதும் மெல்லக் கேட்கிறார்: “இது பாப்பாவுக்குக் கேக்கும்ல, மாப்ள?” நெருப்பில் அந்த ஹார்மோன் மிஞ்சாது. “கேக்கும். மாத்திரையையும் விடாம குடுங்க,” என்கிறேன். ஐலென் ஒரு துண்டை மென்று விழுங்குகிறாள். தட்டைப் பார்த்தபடியே கேட்கிறாள்: “அப்போ அத்தைக்கு ஏன் மாமா நீங்க இதக் குடுக்கல?”