வெட்டுவாயில் இடமில்லை

விதைக்காக வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை, நல்ல பாக்டீரியா கலந்த கரைசலில் முக்கி நட்டார்கள். மண்ணுக்குள் போனதுமே அது முணுமுணுக்க ஆரம்பித்தது.

"வெட்டுப்பட்ட இடமே எரியுது. அதுல இத்தனை பேர் ஏறி உட்கார்ந்தா எப்படி? கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்!"

"கோவிச்சுக்காதீங்கக்கா. கசியற சாறைக் குடிச்சிட்டு இங்கயே இருந்துக்கறோம்" என்றன பாக்டீரியாக்கள். ஒன்றுகூட நகரவில்லை.

மழையில் மண் சொதசொதத்த அன்று அழுகல் கிருமி வந்தது. கரைசலில் முக்காமல் நட்ட பக்கத்துக் கிழங்கைக் கூழாக்கிவிட்டுத்தான் வந்திருந்தது.

"நான் ஒண்டிக்கட்டை. ஓரமா ஊசிமுனை இடம் போதும்" என்று குழைந்தது.

"பக்கத்து வீட்டுலயும் இதையேதானே சொன்னீங்க?" என்ற பாக்டீரியாக்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தன. "இங்க நாங்களே ஒருத்தர் மடியில ஒருத்தர் இருக்கோம். குடிக்கச் சாறும் மிச்சமில்லை."

கிருமி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஓர் இடுக்குகூட இல்லை. வந்த தண்ணீரோடு போய்விட்டது.

பிறகு கிழங்கு மெல்லச் சொன்னது:

"அந்த ஓரம் கொஞ்சம் காலியா இருக்கற மாதிரி இருக்கு. உங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்களேன்."