பார்வர்டு கன்னியப்பன்

ஆட்டம் தொடங்கும் முன்பே கன்னியப்பன் கழுத்தில் மாலை விழுந்தது. ஆளுயர மாலை. போட்டவர் வேறு யாருமில்லை, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி அதாவுல்லா சாயபு.

"இன்னிக்கு நம்ம டீமுக்கு பார்வர்டு நீதான். புதுசா ஒண்ணும் வேணாம் கன்னியப்பா, வழக்கமா எப்டி ஆடுவியோ அப்டியே ஆடு. ஆட்டம் முடிஞ்சா நாளைலேர்ந்து நீ நம்ம ஷாப்பு மேஸ்திரி. நெரந்தரம்!"

நிரந்தரம் என்ற சொல்லை அவன் காதால் கேட்பதே அதுதான் முதல் தடவை. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் பந்து உதைத்தவன் அவன். ஆள் அனுப்பி அழைப்பார்கள். ஆட்டம் வரைக்கும் தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டையை இடிக்க வைப்பார்கள். முடிந்ததும் வயிறு முட்ட பிரியாணி போட்டு, முதுகில் தட்டி ரயிலேற்றி விடுவார்கள்.

அவன் ஆடிய கட்சி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவன் ஒரு கோல்கூடப் போட்டதுமில்லை. ஆனாலும் பிரியாணி நின்றதில்லை. தோற்றவனுக்கும் கறிச்சோறு போடுகிற பெரிய மனசு தோல்காரர்களுக்குத்தான் உண்டு என்று கன்னியப்பன் கண் கலங்குவான்.

எதிர்க்கட்சி எந்த ஊரிலும் ஒன்றுதான். தோல் வாங்க வரும் மதராஸ் கம்பெனி துரையின் கட்சி. துரையே பூட்ஸ் மாட்டிக்கொண்டு கோல் காப்பார். மறுநாள் காலை கிடங்கில் தோலைப் புரட்டிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பவரும் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் முன்னால் ஷாப்பின் மானத்தைக் காக்கத்தான் தன்னைத் தேடி வருகிறார்கள் என்பதில் கன்னியப்பனுக்குச் சந்தேகமே கிடையாது.

பாலாற்று மணல் ஓரமாக, பட்டை மூட்டை ஒன்றின் மேல் அவன் மனைவி தேவகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சட்டி பானை கட்டிய துணி மூட்டை. மாலையைக் கழற்றி அவள் மடியில் போட்டான்.

"மூட்டைய அவுக்கட்டுமா, கட்டியே வெக்கட்டுமா?" என்றாள்.

"அவுத்துடு. நெரந்தரம்னுட்டாரு சாயபு."

"கோலே போடாத ஆளுக்கா?"

"நானா போட மாட்டேங்கறேன்? கம்பத்துக்கு நடுவுலதான் குறி பாக்கறேன். பந்து வெளிய பூடுது. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அப்ப வெளிய குறி பாத்து அடி. உள்ள பூடும்," என்று முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டாள் தேவகி.

ஊதல் ஒலித்தது. ஷாப்பு ஆட்களில் சத்தார்தான் கெட்டிக்காரன். பந்து அவன் காலில் பசை போட்டது போல ஒட்டும். அந்தச் சத்தாரே கோல் முன்னால் போய் நின்று, தான் அடிக்காமல் கன்னியப்பனுக்குப் பந்தைத் தள்ளினான்.

"உனக்குத்தான் தோஸ்த்! அடி!"

முதல் உதை, காயப் போட்டிருந்த தோல்களின் மேல் போய் விழுந்தது. இரண்டாவது, சுண்ணாம்புத் தொட்டியில் முங்கியது. பந்தைத் துடைத்து எடுத்து வந்தவர்கள் முகத்தில் கோபமே இல்லை. நாற்காலியில் இருந்த சாயபு "ஷாபாஷ்!" என்று கைதட்டினார்.

அந்தக் கைதட்டல்தான் கன்னியப்பன் நெஞ்சை அறுத்தது. துரை கட்சி ஒரு கோல் போட்டு முன்னால் நின்றது. மாலை போட்டு, மேஸ்திரி வேலையும் தருகிற மனுஷனுக்கு ஒரே ஒரு கோல்கூடத் தராமல் அந்தச் சம்பளத்தை எந்த முகத்தோடு வாங்குவது?

ஆட்டம் முடிகிற நேரம். சத்தார் மறுபடியும் பந்தைத் தள்ளினான். தேவகி சொன்னது நினைவுக்கு வந்தது. கன்னியப்பன் கம்பத்தைப் பார்க்கவில்லை. தள்ளி நின்ற புளியமரத்தைக் குறி பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தான்.

புளியமரத்துக்குப் புறப்பட்ட பந்து வழியில் மனம் மாறியது. துரையின் இரண்டு பூட்ஸுகளுக்கும் நடுவே புகுந்து, கோலுக்குப் பின்னால் இருந்த மணலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கோல்!" என்று கத்தியது கன்னியப்பன் ஒருவன்தான்.

மைதானம் இழவு வீடு மாதிரி அடங்கியது. சத்தார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். துரை சிவந்த முகத்தோடு தொப்பியைக் கழற்றி மணலில் அறைந்தார். பிறகு தோல் கிடங்கு இருந்த திசையை ஒரு தடவை பார்த்தார்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு சாயபு ஓடி வந்தார். வருகிற வழியில் தேவகி மடியிலிருந்த மாலையைப் பிடுங்கிக்கொண்டார். இன்னொரு தடவை போடத்தான் வருகிறார் என்று கன்னியப்பன் கழுத்தை நீட்டினான்.

"இன்னா மொதலாளி, கடைசில போட்டேன் பாத்தீங்களா?"

சாயபு மாலையைச் சுருட்டி அவன் முகத்தில் எறிந்தார்.

"நாளைக்கு என் தோலு பூரா கழிவுடா, பாவி! மத்தவன் வேணும்னு வெளிய அடிச்சா துரை கண்டுபுடிச்சுடுவாருன்னுதானே, நெசமாவே அடிக்கத் தெரியாத உன்னக் கூட்டினு வந்தேன்!"