வாய்க்காலை அடைக்கும் பலகை

புதிய ஆளுநரின் ஆட்கள் மாளிகையைக் கைப்பற்ற வருகிறார்கள் என்று தெரிந்ததும் கவுகர் தோட்டத்தின் மேல்கோடிக்கு ஓடினாள். மலையடியிலிருந்து மண்ணுக்குள்ளேயே வரும் தண்ணீர் அங்கேதான் வெளியே வந்து, சைப்ரஸ் மரங்களின் நடுவே ஓடி மாளிகைக் குளத்தை நிறைக்கும்.

“பலகையைப் போட்டு அடைச்சிடு ஹைதர். ஒரு மாதுளைகூட அவங்களுக்குக் கிடைக்கக் கூடாது.”

தோட்டக்காரர் ஹைதர் பலகையை எடுத்தார். ஆனால் வாய்க்காலில் இறங்கவில்லை.

“உங்க மாமனார் இந்த மாளிகையைப் பிடுங்கினப்போ, அப்ப இங்க இருந்த எஜமானியம்மாவும் இதையேதான் சொன்னாங்க. நான்தான் அடைச்சேன்.”

கவுகர் மணமகளாக வந்த அன்று தோட்டத்தில் ஒரு பச்சை இலை இல்லை. பஞ்சத்தில் காய்ந்தது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். கன்று கன்றாக நட்டு, இந்த நிழலை உண்டாக்குவதிலேயே அவளுடைய இளமை கழிந்திருந்தது.

“அந்தம்மா பேரென்ன?”

“ருக்சாரா.”

“அடைச்சப்போ அழுதாங்களா?”

“இல்லம்மா. தண்ணி நிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.”

வாசலில் குதிரைகள் கனைத்தன. யாரோ கதவை இடித்தார்கள். கவுகர் பலகையை வாங்கிக்கொண்டு தானே வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைச் சில்லென்று சுற்றிக்கொண்டு ஓடியது.