டெல்பர்ட்டின் மூச்சு

கண்ணாடிக் கூண்டுக்குள், மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, நான் என் அண்ணன் டெல்பர்ட்டாக உட்கார்ந்திருந்தேன்.

அசல் டெல்பர்ட் மருத்துவமனை வாசலில், பிக்கப் வண்டிக்குள் ஒளிந்திருந்தான்.

திங்கட்கிழமை லாப்ஸ்டர், அதாவது சிங்கி இறால், பிடிக்கும் சீசன் ஆரம்பம். படகு ஓட்ட டாக்டர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு மூச்சுப் பரிசோதனை வேண்டும். டெல்பர்ட்டிடம் எல்லாம் இருந்தது, மூச்சுதான் இல்லை.

அம்மா வழியில் வரும் வியாதி. பேர் ஃபேப்ரி. கரைய வேண்டிய ஒருவகைக் கொழுப்பு கரையாமல் சிறுநீரகம், இதயம், நுரையீரல் என்று கிடைத்த இடத்திலெல்லாம் குடியேறிவிடும். உள்ளங்கால் எரியும். வியர்க்காது. மாடிப்படியைக் கண்டாலே ஆகாது.

பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம் என்றார்கள். நாங்கள் இரண்டு பேர். அவனுக்கு வந்துவிட்டது, ஆகக் கணக்கு சரி என்று நான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவே போகவில்லை.

பதினோரு மாத வித்தியாசம். ஒரே செம்பட்டைத் தாடி, ஒரே தொப்பை. மருத்துவ அட்டையில் படம் கிடையாது. யோசனை என்னுடையதுதான்.

"ரொம்ப ஊதித் தொலைச்சிடாதடா, சந்தேகம் வந்துடும். சுமாரா ஊது" என்று சொல்லித்தான் அனுப்பினான்.

ரோவினா குழாயை என் வாயில் செருகினாள். இருபது வருஷமாக எங்கள் ஊர் லூனன்பர்க்காரர்களின் மூச்சை அளப்பவள்.

"இழு, இழு... இப்ப ஊது! விடாத, ஊது, ஊது! பொறந்தநாள் மெழுகுவத்தியா அணைக்கிற? ஊதுய்யா!"

அது என் மானத்தைத் தொட்டுவிட்டது. சுமாராவது மண்ணாவது. கண் பிதுங்க ஊதினேன்.

"இன்னொரு தடவை" என்றாள். பிறகு இன்னொரு தடவை.

கூண்டு அடுப்பாகக் கொதித்தது. கதவருகே நின்ற அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. பிறவி நடிகன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

தாள் வந்தது. ரோவினா அதைப் படித்தாள். இப்போது கத்தவில்லை.

"போன வருஷம் டெல்பர்ட் ஊதினது, இருக்க வேண்டிய மூச்சுல அறுபத்தெட்டு சதவீதம். இது அம்பத்தொண்ணு."

"கொஞ்சம் சளி" என்றேன்.

"எல்டன்" என்றாள், என் பெயரைச் சொல்லி. "உங்க அண்ணனுக்கு முன்னால ரெண்டு பல்லு கிடையாது. நீ குழாயைக் கடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

நான் மூக்குக் கிளிப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு தடவை ஊதவிட்டுட்டு காதைப் பிடிச்சு வெளிய தள்ளலாம்னுதான் இருந்தேன். மொத தடவை வந்த நம்பரைப் பார்த்துட்டுத்தான் மறுபடி ஊதச் சொன்னேன்." தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "போய் அவனை உள்ள அனுப்பு. அறுபது வந்தா டாக்டர் கையெழுத்துப் போடுவாரு. நீ நாளைக்கு உன் சொந்தப் பேர்ல வா. ரத்தமும் கொடுக்கணும்."

வெளியே குளிர்காற்று. டெல்பர்ட் ஜன்னலை இறக்கினான்.

"என்னடா, பாஸா?"

"நீ பாஸாயிடுவ. இறங்கிப் போய் ஊது."

"அப்ப நீ உள்ள என்னத்தடா ஊதின?"

பதில் சொல்ல மூச்சு வரட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலிலிருந்து வண்டி இருபது அடிதான்.