பதில் சொல்லாமல் போனவர்

“என்ன பாய் வேலை பாத்திருக்கீங்க? காலைல ஸ்பீடு பிரேக்கர் கிட்ட மிதிச்சா, பெடல் அப்படியே உள்ள போவுது. ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சு இழுத்துத்தான் நிறுத்தினேன்!”

திண்டிவனத்தில் ஜகபர் சாதிக்கின் ஒர்க்‌ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கலை, மெதுவாப் பேசு,” என்று கணவன் கோகுலகிருஷ்ணன் அவள் கையைத் தொட்டான்.

கலைப்பிரியா கேட்கவில்லை. “நேத்துதான பிரேக் வேலை முடிச்சுக் குடுத்தீங்க? காரைத் தள்ளிக்கினு போய் வீட்ல உட்டுட்டு, ஸ்கூட்டர்ல வர்றோம். இதப் பாருங்க.”

செல்போனை நீட்டினாள். முன் டயரின் உள்பக்கம் முழுக்க ஈரம் வழிந்திருந்தது.

ஜகபர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பிரேக் ஆயில்தான்,” என்றார். முகம் மாறிவிட்டது.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள். அவரோ போனை எடுத்து யாருக்கோ அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

“நான் பேசிக்கினு இருக்கேன், நீங்க பாட்டுக்கு போன் பண்ணிக்கினு இருக்கீங்க?”

“உக்காருங்கம்மா. வந்துர்றேன்.”

அவ்வளவுதான். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்.

“பாத்தீங்களா, ஓடறத?” என்று கணவனிடம் பொரிந்தாள். பிறகு, பெஞ்சில் காத்திருந்த தென்னரசு என்ற கஸ்டமரிடம் திரும்பினாள். “சார், உங்க வண்டியும் இங்கதானா? உசுரு மேல ஆசை இருந்தா எடுத்துக்கினு போயிடுங்க.”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“பாவம், பாய் பொழப்பைக் கெடுக்கறியே…” என்றான் கோகுலகிருஷ்ணன்.

“நாம மட்டும் பாவம் இல்லியா? அவரு வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்.”

வெயில் நன்றாக ஏறியபின் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பச்சைமுத்து என்ற இன்னொரு கஸ்டமரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். கூடவே, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய இரண்டு குழந்தைகள். பின்னாலேயே பைக்கில் ஜகபர்.

பச்சைமுத்துவும் கோபத்தில்தான் இருந்தார்.

“என்ன பாய் நீங்க? மயிலத்துல மொட்டை போட்டு, சாமி கும்பிட்டுட்டு வண்டில ஏறப் போறோம், வந்து சாவியப் புடுங்கிக்கினீங்க. வண்டி மலை மேலயே நிக்குது. பிரேக்கு நல்லாத்தான் புடிச்சுது!”

“ஏறும்போது புடிச்சுது. டயர் கிட்ட கசிய ஆரம்பிச்சிருக்கு. இறங்கும்போது புடிச்சிருக்காதுங்க.”

ஜகபரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சு வாங்க கலைப்பிரியாவிடம் வந்தார்.

“தப்பு என்னுதுதாம்மா. பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸுங்க, ஒரே பார்சல்ல வந்த மட்டமான சரக்கு. ஒண்ணை உங்க வண்டிக்குப் போட்டேன், இன்னொண்ணை இவரு வண்டிக்குப் போட்டேன். போட்டோவப் பாத்ததும் இவருக்குத்தான் போன் அடிச்சேன், எடுக்கல. உங்க வண்டி வீட்ல நிக்குதுன்னு சொன்னீங்க. இவரு குழந்தைங்களோட மலைக்குப் போறதா நேத்தே சொல்லியிருந்தாரு. அதாம்மா, உங்களுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லக்கூட நிக்கல.”