நகைக்கடைச் சிரிப்பு

கடலூர் தியேட்டர் வாசலில் சாம்பல் நரி கட்அவுட்டாக நிற்கிறான். காமிக்ஸில் ஒரு தடவைகூட முகமூடியைக் கழற்றாதவன், இன்றைக்குத்தான் சினிமாவாகியிருக்கிறான். அந்த முகமூடிமேல் ரசிகர் மன்றத்துக்காரர்கள் நடிகரின் மூஞ்சியை ஒட்டியிருக்கிறார்கள். ஏதோ நகைக்கடை விளம்பரத்திலிருந்து வெட்டியெடுத்த சிரிப்பு, கர்மம்! அதன்மேல் பாக்கெட் பாக்கெட்டாகப் பாலை ஊற்றுகிறார்கள். ஊறிப்போன சிரிப்பு கடல்காற்றில் ஓரம் பிரிந்து படபடக்கிறது. மன்றத் தலைவன் பழனிவேல் பசை வாளியோடு சாரத்தில் ஏறுகிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து சாம்பல் நரியைப் படித்துவரும் அடைக்கலராஜ் கீழேயிருந்து கத்துகிறான்: "மச்சான், அவன் மூஞ்சி யாருக்கும் தெரியக்கூடாதுடா! அதான்டா கதையே!" பழனிவேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூஞ்சி தெரியலன்னா எவன்டா உள்ள வருவான்?" பிரிந்த ஓரத்தில் முகமூடியின் ஒற்றைக் கண் எட்டிப் பார்க்கிறது. அதன்மேல் ஒரு கை பசையை அள்ளி அப்புகிறான்.